வலிக்கும் இடத்தை விட்டு வழக்கத்தைப் பாருங்கள்: செட்டிநாட்டு வேலைகளுக்கு ஓர் உடலறிவு வழிகாட்டி

முதுகு வலிக்கிறது என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். யாராவது ஒருவர் உடனே "கூன் போடாதே, நிமிர்ந்து உட்கார்" என்பார். நாமும் நெஞ்சைத் தூக்கிக்கொண்டு விறைப்பாக உட்காருவோம். இரண்டு நிமிடம் தாங்கும். பேச்சு வேறு பக்கம் திரும்பியதும் முதுகு பழைய இடத்துக்கே போய்விடும். சொன்னவரும் மறந்திருப்பார், நாமும் மறந்திருப்போம்.

இதற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. கூன் போடும்போது எந்தத் தசையை இறுக்குகிறோம் என்பது நமக்குத் தெரியாது. நிமிரும்போது எதை இறுக்குகிறோம் என்பதும் தெரியாது. பழைய இறுக்கம் அடியில் அப்படியே இருக்க, அதன்மேல் புதிதாக ஓர் இறுக்கத்தைப் போர்த்திக்கொள்கிறோம். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசையே வேறு: முதலில் கவனிப்பது, பிறகு நிறுத்துவது, கடைசியில்தான் மாற்றுவது. காரைக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை வட்டாரத்தில் தரையில் உட்கார்ந்தும் குனிந்தும் வேலை செய்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கணினி முன்னால் உட்காருபவருக்கும் இதே படிகள்தான்.

இதைச் செய்வதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, தொடைகளின் உட்புறமும் மலவாய்ப் பகுதியும் மரத்துப்போவது, காலில் வலு குறைந்துகொண்டே வருவது ஆகிய அறிகுறிகள் முதுகுவலியோடு சேர்ந்து வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கீழே விழுந்தபின் வந்த கடும் வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் தணியாத இரவு வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் வலி ஆகியவற்றுக்கும் முதலில் பரிசோதனை தேவை. நெஞ்சை அழுத்தி இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியைத் தோள்பட்டை வலி என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இவை எதுவும் இல்லாமல், வேலைக்கு ஏற்பக் கூடியும் குறைந்தும் வரும் பழைய வலிக்குத்தான் இந்தப் பயிற்சி.

எங்கிருந்து வந்த முறை இது?

ஃபிரடெரிக் மத்தையாஸ் அலெக்சாண்டர் 1869இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தவர். மேடையில் நாடகப் பகுதிகளை ஒப்பித்துப் பிழைத்தவர். நிகழ்ச்சியின் நடுவில் அவருக்குக் குரல் கம்மிப்போகும். மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னார். ஓய்வெடுத்தால் குரல் திரும்பும், மேடையேறினால் மறுபடி கம்மும். அப்படியானால் மேடையில் நான் ஏதோ செய்கிறேன் என்று அவர் முடிவுக்கு வந்தார். கண்ணாடிகளை வைத்துத் தன்னையே கவனித்தார். பேசத் தொடங்கும் நொடியில் தலையைப் பின்னுக்குக் கீழாக இழுப்பது, குரல்வளையை அழுத்துவது, வாயால் காற்றை இழுத்துச் சத்தமிடுவது என மூன்று வழக்கங்களைக் கண்டார்.

அடுத்து நடந்ததுதான் நமக்கு முக்கியம். தலையை முன்னுக்குக் கொண்டுவர முயன்றார். கொண்டுவந்துவிட்டதாகவே உணர்ந்தார். கண்ணாடியிலோ தலை முன்பைவிட அதிகமாகப் பின்னுக்குப் போயிருந்தது. நீண்ட நாள் வழக்கம் நம் உணர்வையே வளைத்துவிடுகிறது. கோணலாக நிற்பவருக்குக் கோணல்தான் நேராகத் தோன்றும். அவரை நேராக நிறுத்தினால், "சாய்ந்து நிற்பது போல இருக்கிறதே" என்பார்.

மோஷே பெல்டன்கிரைஸ் (1904–1984) இன்னொரு வழியாக இதே இடத்துக்கு வந்தவர். இயற்பியலாளர், ஜூடோ வீரர். முழங்கால் காயத்தால் அவதிப்பட்டபோது தன் நடையைத் தானே ஆராய்ந்தார். தரையில் படுத்து மிகச் சிறிய அசைவுகளை மெதுவாகச் செய்து, எது எதோடு சேர்ந்து அசைகிறது என்று கவனிக்கும் பாடங்களை உருவாக்கினார். கீழே வரும் படிகளில் இந்த இருவருடைய முறைகளையும் கலந்து தருகிறேன். தூய்மைவாதிகள் கோபித்துக்கொள்ளலாம், வலியுள்ளவருக்கு அந்தச் சண்டை தேவையில்லை.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். இங்கிலாந்தில் நாள்பட்ட முதுகுவலியுள்ள 579 பேரை வைத்து நடந்த ஆய்வு 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள், ஓராண்டுக்குப் பிறகும் 4 வாரத்தில் ஏறத்தாழ 21 நாள் வலி இருந்ததாகச் சொன்னார்கள். அலெக்சாண்டர் இப்படித் தன்னைக் கவனித்து உருவாக்கிய முறையில் 24 பாடம் பெற்றவர்கள் சொன்னது ஏறத்தாழ 3 நாள். இது அவரவர் தாமே சொன்ன கணக்கு என்பதையும், அந்தப் பாடங்களை ஆசிரியர் ஒருவர் கையால் தொட்டுக் கற்பித்தார் என்பதையும் நினைவில் வையுங்கள். தனியாக வாசித்துச் செய்பவர் அதே அளவு பலனை எதிர்பார்க்கக் கூடாது.

படி 1: ஒரே ஓர் அசைவைத் தேர்ந்தெடுங்கள்

"இனிமேல் நாள் முழுக்க உடம்பைக் கவனிப்பேன்" என்று சபதம் எடுப்பவர்கள் மறுநாள் மதியத்துக்குள் விட்டுவிடுவார்கள். ஒரே ஓர் அசைவு போதும். தினமும் பலமுறை செய்வதாக இருக்க வேண்டும், வலியோடு தொடர்பு இருக்க வேண்டும், உயிர்போகிற அவசரத்தில் செய்வதாக இருக்கக் கூடாது. திண்ணையிலிருந்து எழுவது, ஊஞ்சலில் உட்காருவது, ஊருணியிலிருந்து கொண்டுவந்த குடத்தை இறக்குவது, அரிவாள்மனையில் வெங்காயம் நறுக்குவது, கல்லாப்பெட்டிக்கு முன்னால் குனிந்து கணக்கு எழுதுவது, இவற்றில் எதுவும் சரி. முதல் இரண்டு வாரத்துக்கு அதைத் தவிர வேறெதையும் திருத்த வேண்டாம்.

படி 2: தரையில் படுத்து இறக்கி வையுங்கள்

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகக் கூடாது. மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டு இதை மட்டும் செய்தாலும் பலன் உண்டு.

மெத்தை வேண்டாம். மெத்தை உடம்புக்கு ஏற்ப அமுங்கிவிடும், உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆத்தங்குடி ஓடு பாவிய தரை இதற்கு அருமையான இடம். சமமானது, விட்டுக்கொடுக்காது. ஆனால் மார்கழியில் அதன் குளிர்ச்சியே தசையை இறுக்கிவிடும், ஒரு கோரைப்பாயும் அதன்மேல் ஒரு ஜமக்காளமும் விரித்துக்கொள்ளுங்கள். பட்டாலை என்னும் கூடத்திலோ, வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்திலோ, ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பாருங்கள்.

மல்லாந்து படுங்கள். தலைக்குக் கீழே தலையணை வேண்டாம், இரண்டு மூன்று புத்தகங்களை அடுக்குங்கள். முகவாய் மேலே தூக்கிக்கொண்டிருந்தால் இன்னும் ஒன்று சேர்க்க வேண்டும். முகவாய் கழுத்தைக் குத்தினால் ஒன்றை எடுத்துவிட வேண்டும். முழங்கால்களை மடக்கி, பாதங்களை இடுப்பின் அகலத்துக்குத் தரையில் ஊன்றுங்கள். கைகளை விலா எலும்பின் மேலோ வயிற்றின் மேலோ வையுங்கள். கண்ணைத் திறந்தே வைத்திருங்கள், மூடினால் தூக்கம் வந்துவிடும்.

இப்போது தரை உங்களை எங்கெல்லாம் தொடுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பின்தலை. வலது தோள்பட்டை எலும்பு, இடது தோள்பட்டை எலும்பு. இரண்டும் ஒரே அளவு அழுந்துகின்றனவா? இடுப்புக்கு மேலே முதுகு தரையைத் தொடுகிறதா, அல்லது ஒரு கை நுழையும் இடைவெளி இருக்கிறதா? பிட்டத்தின் எந்தப் பக்கம் கனமாக இருக்கிறது? பாதத்தில் குதிகால் அதிகமாக ஊன்றுகிறதா, விரல்களா?

எதையும் திருத்தாதீர்கள். இடைவெளி இருந்தால் இருக்கட்டும். முதுகைத் தரையோடு அழுத்தி "சரி" செய்தால், அழுத்துகிற வேலை ஒன்று கூடுதலாகிவிடும், அவ்வளவுதான். பத்து முதல் பதினைந்து நிமிடம் கிடந்தால், நீங்கள் எதுவும் செய்யாமலே அந்த இடைவெளி சற்றுக் குறைவதைப் பலர் உணர்வார்கள். படுத்திருக்கும்போது முதுகெலும்பின் வட்டுகள் மீது தலை, மார்பு ஆகியவற்றின் எடை நிற்பதில்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

எழும்போது நேராக வயிற்றைப் பிடித்து எழாதீர்கள். முதலில் கண், பிறகு தலை, பிறகு தோள், பிறகு இடுப்பு என்று ஒரு பக்கமாக உருண்டு, கையை ஊன்றி எழுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு முறை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் போதும்.

படி 3: மூட்டுகள் உண்மையில் எங்கே இருக்கின்றன?

நம் மனத்தில் உடம்பைப் பற்றி ஒரு வரைபடம் இருக்கிறது, அது பெரும்பாலும் தவறு. தவறான வரைபடத்தை வைத்துக்கொண்டு குனிந்தால், மடங்காத இடத்தை மடக்க முயல்வோம்.

"தலை எங்கே கழுத்தோடு சேருகிறது?" என்று கேட்டால் பலரும் முகவாய்க்கு நேர் பின்னால், பிடரியில் கையை வைப்பார்கள். உண்மையில் மேலே இருக்கிறது. இரண்டு காதுகளுக்கும் நடுவில், மூக்குக்கு நேர் பின்னால் அந்த மூட்டு இருக்கிறது. காதுத் துளைகளை விரலால் தொட்டுக்கொண்டு, அந்த இரண்டு விரல்களுக்கும் நடுவில் ஓர் அச்சு ஓடுவதாக நினைத்து, "ஆமாம்" என்று மிக மெதுவாகத் தலையசையுங்கள். இவ்வளவு சிறிய அசைவா என்று தோன்றும். தலையின் எடை 4.5 முதல் 5 கிலோ வரை இருக்கும். அந்தச் சுமை கழுத்தின் மேல் நடுநிலையில் நிற்கிறதா, பிடரித் தசைகள் அதை நாள் முழுக்க இழுத்துப் பிடிக்கின்றனவா என்பதுதான் கழுத்துவலியில் பாதி விஷயம். மண்டையோட்டுக்கு அடியில் உள்ள சிறு தசைகளில் நீட்சியை உணரும் நுண்ணுறுப்புகள் மிக அடர்த்தியாக இருக்கின்றன. அங்கே இறுகினால், உடம்பு எங்கே இருக்கிறது என்ற செய்தியே குழம்பும்.

இரண்டாவது, இடுப்பு மூட்டு. "இடுப்பை மடக்கு" என்றால் நாம் பாவாடை நாடா கட்டும் இடத்தில் மடக்குகிறோம். அது முதுகெலும்பு. தொடை உண்மையில் மடங்குவது தொடையிடுக்கில். எழுந்து நின்று, தொடையிடுக்கில் விரல்களை வைத்து ஒரு காலைச் சற்றுத் தூக்குங்கள், விரலுக்குக் கீழே மடிப்பு விழும். குனிய வேண்டிய இடம் அதுதான். முழங்காலும் சேர்ந்து மடங்க வேண்டும்.

மூன்றாவது, கை. கை தோளில் தொடங்குவதாக நினைக்கிறோம். காரை எலும்பு மார்பெலும்போடு சேரும் இடத்தில், தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் கை தொடங்குகிறது. அங்கே ஒரு விரலை வைத்துக்கொண்டு கையை உயர்த்திப் பாருங்கள், காரை எலும்பு அசைவது தெரியும். கோலம் போடும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

படி 4: திருத்தாமல் பாருங்கள்

தேர்ந்தெடுத்த அசைவை இப்போது கவனிக்கலாம். அலெக்சாண்டர் கண்டதை நினைவில் வைத்துக்கொண்டு, உங்கள் உணர்வை மட்டும் நம்பாமல் வெளிச்சாட்சி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளின் முகப்பில் பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருப்பார்கள். அதை மேல்பக்கம் முன்னே சாய்த்து மாட்டியிருந்தால், அதில் தெரியும் ஆளும் சாய்ந்துதான் தெரிவார், நேர்கோட்டை அதை வைத்து அளக்காதீர்கள். செல்போனைத் தூணில் சாய்த்து வைத்துப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுப்பது எளிது.

முதல்முறை பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வி: அசைவு தொடங்குவதற்கு முந்தைய நொடியில் என்ன நடக்கிறது? உட்கார்ந்த இடத்திலிருந்து எழும் ஒருவரைப் பாருங்கள். பிட்டம் இன்னும் தூக்கப்படவில்லை, அதற்குள்ளேயே முகவாய் மேலே போய்விட்டது, பிடரி சுருங்கிவிட்டது, மூச்சு நின்றுவிட்டது, தாடை இறுகிவிட்டது. எழுவதற்குத் தேவையில்லாத நான்கு வேலைகள் எழுவதற்கு முன்பே முடிந்துவிட்டன.

ஒருமுறை கொட்டான் என்னும் ஓலைக்கூடை பின்னிக்கொண்டிருந்த ஆச்சி ஒருவரிடம், "எழுந்திருக்கும்போது மூச்சு விடுகிறீர்களா ஆச்சி?" என்று கேட்டேன். "அதை யார் பார்த்தார்கள் தம்பி, எழுந்தால் போதாதா?" என்றார். பிறகு தானே எழுந்து பார்த்து, பாதியில் சிரித்துவிட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்துவிட்டது.

படி 5: நிறுத்துங்கள்

அலெக்சாண்டர் முறையின் உயிர்நாடி இது. செய்ய வேண்டும் என்ற எண்ணம் வந்ததும், செய்யாமல் ஒரு கணம் இருப்பது.

பயிற்சி இப்படி. நாற்காலியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து, "எழப்போகிறேன்" என்று நினையுங்கள். எழாதீர்கள். நினைத்தவுடனேயே கழுத்திலும் தொடையிலும் எது தயாராகிறது என்று பாருங்கள். அதை விட்டுவிடுங்கள். மறுபடி நினையுங்கள், மறுபடி விட்டுவிடுங்கள். சில முறைக்குப் பிறகு நீங்களே தேர்ந்தெடுங்கள்: எழலாம், எழாமல் கையை மட்டும் தூக்கலாம், உட்கார்ந்தே இருக்கலாம். எழுவதாக இருந்தால், கழுத்து இறுகாமல், தலை முன்னும் மேலுமாகப் போக, தொடையிடுக்கில் மடங்கி, எடை பாதங்களுக்கு வரும்வரை முன்னால் வந்து எழுங்கள்.

வாசலில் யாரோ கூப்பிடுகிறார், குக்கர் விசிலடிக்கிறது, போன் ஒலிக்கிறது, இவையெல்லாம் நல்ல வாய்ப்புகள். போனை மூன்றாவது முறை ஒலித்தபின் எடுத்தால் எந்த வியாபாரமும் போய்விடாது.

படி 6: பாதியாக்குங்கள், மறுபடி பாதியாக்குங்கள்

19ஆம் நூற்றாண்டில் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர் என்ற ஜெர்மானியர் ஒரு விதியைக் கண்டறிந்தார். ஒரு வேறுபாட்டை நாம் உணர வேண்டுமானால் அது ஏற்கெனவே உள்ள அளவுக்கு ஏற்ற பங்காக இருக்க வேண்டும். கனமான மூட்டையைத் தூக்கியிருப்பவருக்கு அதில் ஒரு கைப்பிடி அரிசி கூடினாலும் தெரியாது. தட்டில் ஒரு கைப்பிடி மட்டும் ஏந்தியிருப்பவருக்கு இன்னொரு கைப்பிடி சேர்ந்தால் உடனே தெரியும். தசைக்கும் இது பொருந்தும். முக்கி முனகிச் செய்யும் உடற்பயிற்சியில் நுட்பம் எதுவும் உணர்வுக்கு எட்டாது. அதனால்தான் பெல்டன்கிரைஸ் பாடங்களில் எல்லாம் சிறிதாக, மெதுவாக நடக்கிறது.

வீட்டில் செய்ய ஒரு பாடம். படி 2இல் சொன்னபடி படுங்கள். இடுப்புக்குப் பின்னால், தரையில் ஒரு கடிகார முகம் வரைந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதுகுப் பக்கம் 12, வால் எலும்புப் பக்கம் 6, இடப்பக்கம் 3, வலப்பக்கம் 9. இடுப்பை மெல்ல உருட்டி 12இல் எடையை வையுங்கள், இடுப்புக்கு மேலுள்ள முதுகு தரையைத் தொடும். பிறகு 6க்கு வாருங்கள், அங்கே சிறு வளைவு எழும். பத்துப் பன்னிரண்டு முறை இப்படிச் செய்து ஓய்வெடுங்கள். அடுத்த முறை அதே அசைவைப் பாதி முயற்சியில் செய்யுங்கள். பிறகு அதிலும் பாதி. அந்தச் சிறு அசைவிலும் தலை சற்றே மேலும் கீழும் உருளுகிறதா? உருளவில்லை என்றால் கழுத்து எங்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது. பிறகு 3, 9. கடைசியில் 12, 1, 2, 3 என்று சுற்றி வாருங்கள். ஏதோ ஒரு மணியை ஒவ்வொரு முறையும் தாண்டிக் குதிப்பீர்கள். அந்த இடத்துக்குப் பலவந்தமாகப் போக வேண்டாம், அதன் இரு பக்கமும் மெதுவாக வந்து போங்கள்.

வலி வரும் எல்லைக்கு முன்பே நின்றுவிடுவது இந்தப் பாடத்தின் கட்டளை. "வலித்தால்தான் பலன்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

படி 7: வேலைக்குள் கொண்டுபோங்கள்

ஆத்தங்குடி ஓடு செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு நிறச் சிமெண்டுக் கரைசலைச் சிறு கரண்டியால் ஊற்ற வேண்டும். சிந்தினால் நிறம் கலந்துவிடும். கரண்டி அச்சை நெருங்கும்போது ஊற்றுபவரின் மூச்சு நிற்கிறது. தாடை இறுகுகிறது. வலது தோள் காதை நோக்கி ஏறுகிறது. எந்த வேலையும் இல்லாத இடது கை முழங்காலின்மேல் முட்டியாக மூடிக்கொள்கிறது. ஊற்றி முடிந்ததும் தோள் இறங்குகிறது, ஆனால் ஏறிய அளவு இறங்குவதில்லை. அடுத்த அறைக்கு, இருந்த இடத்திலிருந்தே மறுபடி ஏறுகிறது. பொழுது சாயும்போது தோள் காதருகே குடியேறிவிட்டிருக்கும். "ஓடு போட்டால் தோள் வலிக்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். ஓட்டில் பெரிய கனமில்லை, ஒரு கரண்டிக் கரைசலில் என்ன கனம்?

இங்கே மாற்ற வேண்டியது ஊற்றும் விதத்தையல்ல, அது கைக்கு நன்றாகத் தெரியும். கரண்டியை முக்கியதும் ஒரு கணம் நின்று, மூச்சை வெளியே விட்டபடி ஊற்றுங்கள். அதற்கு முன் இடது உள்ளங்கை திறந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு கையின் இறுக்கம் விட்டால் மறு தோளும் இறங்குவதைப் பார்க்கலாம். ஓர் ஓட்டுக்கும் அடுத்த ஓட்டுக்கும் நடுவில், உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவும்போது, கண்ணைத் தூக்கி எதிர்ச்சுவரைப் பாருங்கள். கண் நெருக்கத்தில் பூட்டியிருந்தால் கழுத்தும் பூட்டிக்கொள்ளும்.

கண்டாங்கிச் சேலை நெய்யும் குழித்தறியில் சிக்கல் இடுப்புக்குக் கீழே இருக்கிறது. மிதியை ஒரே காலால் பெரும்பாலும் அழுத்துபவருக்கு ஒரு பக்க இடுப்பு கனத்துப்போகும். உட்காரும் பலகையில் பிட்டத்துக்கு அடியில் உள்ள இரண்டு உட்காரும் எலும்புகளும் சமமாகப் படுகின்றனவா என்று நாளில் சில முறை பாருங்கள். பலகையின் பின்பக்கத்தைச் சற்றே உயர்த்தி வைத்தால் தொடையிடுக்கு திறக்கும், முதுகு தானாகவே நீளும்.

அரிவாள்மனையில் ஒரு காலை மடக்கி மறுகாலால் மனையை அழுத்திக்கொண்டு, உடம்பைத் திருகி உட்காருவோம். பிட்டத்துக்குக் கீழே ஒரு மணைப்பலகையோ மடித்த சாக்கோ போட்டால் திருகல் பாதியாகும். கல்யாண வேலைக்கு மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிப்பவர்கள், இடையிடையே எழுந்து வளவைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வரட்டும். எவ்வளவு நல்ல இருப்பாக இருந்தாலும் அசையாமல் இருந்தால் கெட்ட இருப்புதான்.

கல்லாவில் இருப்பவர்களுக்கு இரண்டே வரி. பேரேட்டை மேஜையில் சாய்வாக உயர்த்தி வையுங்கள். வாடிக்கையாளர் வரும்போது தலையை மட்டும் தூக்கிப் பார்க்காமல் உடம்போடு திரும்புங்கள்.

தைப்பூசத்துக்குக் காவடியோடு பழநிக்கு நடக்கும் நகரத்தார் கூட்டத்தில் சேர நினைப்பவர்கள், பாதத்தின் சத்தத்தைக் கேட்டு நடந்து பழகுங்கள். ஒரு கால் "தட்" என்று விழுந்து மறுகால் மெதுவாக விழுந்தால், சத்தமிடும் பக்கம்தான் முழங்கால் முதலில் முனகும். அந்தச் சத்தத்தைக் குறைப்பது மட்டுமே வேலை. கால் தானாகவே வழியைக் கண்டுபிடிக்கும். சுமையைத் தோள் மாற்றுவதை வலி வந்தபின் செய்யாமல் வலி வருமுன் செய்யுங்கள்.

மாற்றம் எப்படித் தெரியும்?

முதலில், தவறு முடிந்தபிறகுதான் தெரியும்: எழுந்து நின்றபின், "அடடா, மறுபடி கழுத்தைச் சுருக்கிவிட்டேனே" என்று. இதைத் தோல்வி என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் எழும்போதே தெரியும். அதன்பிறகு எழுவதற்கு முன்பு தெரியும், அப்போதுதான் நிறுத்த முடியும். இந்த மூன்று கட்டங்களுக்கு வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

புதிய இருப்பு சில நாளுக்குக் கோணலாகவும் அந்நியமாகவும் தோன்றும். அலெக்சாண்டருக்கு நேர்ந்தது போலத்தான். வசதியாக இல்லை என்பதால் தவறு என்று முடிவு கட்டாமல் வீடியோவைப் பாருங்கள்.

வலி திடீரெனக் கூடும் நாளும் வரும். நாள்பட்ட வலியில், தசையும் வட்டும் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் எச்சரிக்கையை நிறுத்தாமல் இருப்பதுண்டு. தூக்கம் கெட்டாலும், மனக்கவலை வந்தாலும் அந்த எச்சரிக்கை உரக்க ஒலிக்கும். அன்றைக்குப் படி 2ஐ மட்டும் செய்யுங்கள், கடிகார அசைவை நினைவில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். படுக்கையிலேயே நாள் முழுக்கக் கிடக்க வேண்டாம், சிறிது நடங்கள். காலில் மரத்துப்போவது புதிதாகத் தொடங்கினால் முதலில் சொன்ன பட்டியலுக்குத் திரும்பிப் போய் மருத்துவரைப் பாருங்கள்.

ஆசிரியரிடம் கற்க வசதி இருந்தால் கற்பது நல்லது. கழுத்தில் கை வைத்து, "இதோ இப்போது இறுக்கினீர்கள்" என்று அந்த நொடியில் சொல்ல ஒருவர் இருந்தால், தனியாகக் கண்டுபிடிக்கும் வேலை வெகுவாகக் குறையும். எங்கே, எவ்வளவு காலம் பயின்றார் என்று கேளுங்கள், நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கழுத்தைத் திருகிச் சொடுக்கு எடுப்பது இந்த இரண்டு முறைகளிலும் கிடையாது. முதல் வகுப்பிலேயே வலியைப் போக்கிவிடுவதாகச் சொல்பவரிடம் மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள்.